திரும்பி வர வண்டி பார்த்துக் கொடுத்தவர்களுக்கு

ஒரத்தநாட்டுப் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கும், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இருப்பவர்களுக்கும், அந்த ஆம்னி வேனில் கூடவே வந்தவர்களுக்கும் வணக்கம்.

அப்பாவுக்கு இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸுக்கு இடம் கிடைத்துவிட்டது. இந்த மாதத்திலிருந்து தஞ்சாவூர் போக வேண்டியதில்லை. நேரில் வந்து நன்றி சொன்னால் "இதுக்கெல்லாம் எதுக்குப் பாப்பா" என்று ஆளுக்கு ஆள் வாயை அடைத்துவிடுகிறீர்கள். எழுதினால் நடுவில் நிறுத்த முடியாதல்லவா, அதனால்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை. கடைசியில் சிறுநீரகத்தில் போய் நின்றது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் முப்பது கிலோமீட்டருக்கும் கூடுதல். முதல் ஷிஃப்ட் என்றால் விடிகாலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம் என்பதால் அம்மாவுக்குக் காசு இல்லை, அப்பாவுக்குத்தான் டிக்கெட். "நோயாளி நான், சலுகை உனக்கா" என்று அப்பா அதையும் கேலி செய்துகொண்டுதான் ஆரம்பத்தில் பஸ்ஸில் போனார்.

போவதில் பெரிய சிரமம் இல்லை. வருவதில்தான் எல்லாமே. டயாலிசிஸ் முடிந்து எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும். சில நாள் வாந்தி வரும். ஊசி குத்திய இடத்தில் கட்டு இருக்கும், அந்தக் கையால் கம்பியைப் பிடித்து நிற்கக் கூடாது. அந்த நிலைமையில் பஸ் ஸ்டாண்டில் நின்று, ஏறி, இன்னொரு பஸ் மாறி வருவதென்பது... ஒரு நாள் அம்மா போனில் அழுதுவிட்டார். அப்புறம்தான் வண்டி தேட ஆரம்பித்தேன்.

கேட்டவர்கள் எல்லாருமே நல்லவர்கள்தான். "எப்ப வேணும்னாலும் ஒரு போன் போடுங்க" என்று சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் வாரம் மூன்று நாள், விடிகாலை நாலரைக்கு, மழையோ வெயிலோ, முடியும்வரை அங்கேயே காத்திருந்து கூட்டிவரணும் என்று விவரம் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவர்களைக் குறை சொல்லவில்லை. டயாலிசிஸ் எத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நடுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மெஷின் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். அதுவரை வண்டி சும்மா நின்றால் பிழைப்பு நடத்துகிறவருக்கு என்ன மிஞ்சும்?

முதலில் பேசி வைத்திருந்த ஒரு வாடகை வண்டி முகூர்த்த நாள் வந்தால் காணாமல் போய்விடும். திங்களும் புதனும் வெள்ளியும் முகூர்த்தத்துக்குத் தோதான நாட்கள் என்பதை நான் அப்போதுதான் வயிற்றெரிச்சலோடு கவனித்தேன். ஓர் ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை அந்த வண்டி வரவேயில்லை, போனும் எடுக்கவில்லை. வெள்ளிக்கு அடுத்துத் திங்கள்தான் வாரத்திலேயே நீளமான இடைவெளி. உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே போகும். அதைத் தவறவிட்டதில் அன்றிரவே அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே இருந்தார். 108 வந்து ஆக்சிஜன் வைத்து அள்ளிக்கொண்டு போனது. அந்த ராத்திரி வண்டியில் வந்த மருத்துவ உதவியாளருக்கும் பைலட் என்று சொல்லும் ஓட்டுநருக்கும் முதல் நன்றி. பிழைத்தது உங்களால். காலையில் ஒரு சாதாரண வாடகை வண்டி வந்திருந்தால் ராத்திரி 108 வந்திருக்கவே வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கமாகப் போய்வர 108-ஐக் கூப்பிடக் கூடாது, அது அவசரத்துக்கு. 102 பிரசவித்த தாயையும் பச்சைக் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கு. 155377 அமரர் ஊர்தி, அதுவும் இலவசம். அப்பா இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு சொன்னார்: "பிறந்தா கொண்டாந்து விட வண்டி இருக்கு, செத்தா கொண்டாந்து விடவும் வண்டி இருக்கு. நடுவுல கெடக்கிறவன்தான் பஸ்ஸுக்கு நிக்கணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்று வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் முறையும் இருக்கிறது, அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே வந்துவிடும். அப்பாவுக்கு முன்பே வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் டாக்டர் அது சரிப்படாது என்றுவிட்டார்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் டயாலிசிஸ் பிரிவு சிஸ்டர். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை. அந்த 108 ராத்திரிக்கு அடுத்த வாரம் நான் லீவு போட்டுவிட்டு அப்பாவோடு போயிருந்தேன். எல்லாரும் "எப்படி வர்றீங்க" என்றுதான் கேட்பார்கள். அவர் ஒருவர்தான் "எப்படித் திரும்பிப் போறீங்க" என்று கேட்டார். சொன்னதும் பதிவேட்டை எடுத்து ஊர் ஊராக விரலை வைத்துப் பார்த்தார். பட்டுக்கோட்டை ரோட்டிலிருந்து மட்டும் எங்களோடு சேர்த்து மூன்று பேர். ஒருவர் அதிகாலை ஷிஃப்டில், ஒருவர் மத்தியானம், இன்னொருவர் வேறு கிழமைகளில். ஒரே ரோட்டில் வெவ்வேறு நேரத்தில் மூன்று குடும்பமும் தனித்தனியாக அல்லாடிக்கொண்டிருந்தோம், ஒருவரையொருவர் தெரியாமலே.

மூன்று பேரையும் ஒரே கிழமையில், ஒரே ஷிஃப்டுக்குக் கொண்டுவர அவர் மற்ற நோயாளிகளிடம் பேசி நேரம் மாற்றி வாங்கினார். அது சின்ன வேலை இல்லை. யாருக்கு எந்த மெஷின், யாருக்குத் தொற்று இருந்து தனி மெஷின், டாக்டர் எப்போது பார்ப்பார் என்று எல்லாம் இடிக்கும். நடுவில் விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். விடவில்லை. எங்களுக்காகக் காலைத் தூக்கத்தையும் சௌகரியத்தையும் விட்டுக்கொடுத்து நேரம் மாறிக்கொண்ட அந்த முகம் தெரியாத நோயாளிகளுக்கு என் கும்பிடு. உங்கள் உடம்பு வலியோடு எங்கள் வலியையும் கணக்கில் எடுத்துக்கொண்டீர்கள்.

மூன்று குடும்பம் சேர்ந்ததும் ஒரு வண்டிக்கு மாச வாடகை கட்டுபடியாயிற்று. ஆம்னி வேன் ஓட்டும் தம்பியோடு, மூன்று குடும்பத்தில் ஒன்றான டீச்சரம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். காத்திருப்புக்குத் தனிக் காசு கிடையாது. டீசல் விலை ஏறினால் மாதக் கடைசியில் பேசிக்கொள்வது. யாராவது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலும் அந்த மாதப் பங்கைக் கொடுத்துவிடுவது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னவர் டீச்சரம்மாதான். ஒரு பங்கு விழுந்தால் வண்டியே நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வீட்டுக்காரர் பிறகு அட்மிட் ஆகியிருந்தபோதும் முதல் தேதியே பணத்தைக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாளில் தம்பி தானாகச் சேர்த்த வரி ஒன்று உண்டு: தான் வர முடியாத நாளில் யார் வருவார் என்று. ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் தன் சித்தப்பா மகன் நம்பரை எழுதி, அவரையும் கூப்பிட்டு எதிரில் நிறுத்திச் சம்மதம் வாங்கினார். தம்பி வீட்டில் தங்கச்சி கல்யாணம் வந்தபோது அந்த அண்ணன்தான் நாலரைக்கு வாசலில் நின்றார். கார்த்திகை மழையில் வாய்க்கால் நிரம்பி ரோட்டில் தண்ணீர் போன அன்று முந்தின ராத்திரியே போய்ச் சுற்று வழியைப் பார்த்து வைத்தவரும் அவர்தான். அண்ணே, நீங்கள் அந்த நாளுக்கு வாடகை வாங்க மறுத்ததை அம்மா இன்னும் மனசில் வைத்திருக்கிறார். இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வாருங்கள், அதைத் தீர்த்துக்கொள்கிறோம்.

வேன் தம்பியைப் பற்றி எழுதினால் தனி மடல் ஆகிவிடும். ஒன்றே ஒன்று. அப்பாவுக்கு இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்து வைத்த இடம். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அதில் பிரஷர் பார்க்கக் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது. முதல் வாரமே டெக்னீஷியன் சாரிடம் போய் எப்படிப் பிடித்து ஏற்றுவது என்று கேட்டுக்கொண்டு வந்தார் தம்பி. பிறகு வண்டியில் ஒரு சின்ன முக்காலி வந்தது, அப்பா அதில் கால் வைத்துத்தான் ஏறுவார். தம்பி வலது அக்குளில் கை கொடுப்பார், இடது பக்கம் போகவே மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது கட்டு நனைந்து ரத்தம் வேட்டிவரை வந்துவிட்டது. அம்மா பதறிப் போய்த் துண்டை எடுத்துக் கையை இறுக்கக் கட்டப் போயிருக்கிறார். தம்பி வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் வந்து, "கட்டாதீங்கம்மா, அடைச்சுக்கும்" என்று சொல்லி, சுத்தமான பஞ்சை மடித்து ஊசி குத்திய இடத்தின்மேல் இரண்டு விரலால் அழுத்தினார். ரத்தம் நிற்கணும், ஆனால் விரலுக்குக் கீழே பிஸ்டுலாவில் ரத்தம் ஓடும் அந்தக் கிர்ர் என்ற அதிர்வும் தெரிந்துகொண்டே இருக்கணும், அந்த அளவுக்குத்தான் அழுத்தணும். டெக்னீஷியன் சார் சொல்லிக் கொடுத்தது. எடுத்து எடுத்துப் பார்க்காமல் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாராம். பின்னால் இருந்த மற்ற இரண்டு பேரும், தாங்களும் அரை மயக்கத்தில் இருந்தவர்கள், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

டெக்னீஷியன் சார், நீங்கள் மெஷின் நிறுத்துவதற்கு அரை மணி முன்னால் தம்பிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தீர்கள். அவ்வளவுதான் நீங்கள் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஒரு மிஸ்டு காலால்தான் தம்பி நடுவில் உள்ளூர்ச் சவாரி ஒன்றிரண்டு ஓட்டிச் சம்பாதிக்க முடிந்தது. அதனால்தான் எங்களுக்குக் காத்திருப்புக் காசு இல்லாமல் வாடகை கட்டுபடியானது.

மருத்துவமனை அலுவலகத்தில் இருந்த அண்ணன் ஒருவருக்கும் சொல்லணும். மாற்று அறுவை சிகிச்சை விஷயமாக நாங்கள் சென்னை போக நேர்ந்தபோது, ரயிலில் சிறுநீரக நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு என்று சொல்லி, படிவத்தை எடுத்துக் கொடுத்து, டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கித் தந்தார். நாங்கள் கேட்கவேயில்லை. வரிசையில் அம்மா யாரிடமோ டிக்கெட் விலை பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

ஊர் டீக்கடை மாமாவுக்கு: வண்டி கிளம்பும் நேரத்துக்கு அடுப்பைப் பற்ற வைத்ததற்கும், அப்பாவுக்கு மட்டும் அரை டம்ளருக்கு மேல் கொடுக்காததற்கும் நன்றி. அப்பா கெஞ்சியும் நீங்கள் மசியவில்லை என்று கேள்விப்பட்டேன். வழியில் வண்டியை நிறுத்தி "களைப்பா இருக்கீங்க" என்று இளநீர் சீவி நீட்டிய உறவுக்காரர்களுக்கும் நன்றி, ஆனால் தயவுசெய்து இனி டயாலிசிஸ்காரர் யாருக்கும் இளநீர் கொடுக்காதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், இதயத்தை நிறுத்திவிடும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குத் தப்பி நின்ற நாலைந்து தென்னையை வைத்திருக்கிற மனுஷர் இளநீரை வேண்டாம் என்று சொல்வது அவருக்கே எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் வேனுக்குப் பின் டயர் இரண்டு மாற்றிக் கொடுத்தார்கள். பேர் போட்டால் அடிக்க வருவார்கள்.

கடைசியாக ஒரு தகவல். அப்பா விலகியதால் வேனில் ஒரு இடம் காலி. திங்கள், புதன், வெள்ளி, முதல் ஷிஃப்ட். மூன்று பங்கில் ஒரு பங்கு குறைவதால் இந்த மாதம் எங்கள் பங்கை நாங்களே கொடுத்திருக்கிறோம், அடுத்த மாதமும் கொடுப்போம். அதற்குள் பட்டுக்கோட்டை ரோட்டில் எந்த ஊரிலிருந்தாவது தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் போய்வருகிறவர் இருந்தால் டயாலிசிஸ் பிரிவு சிஸ்டரிடம் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். ஷிஃப்ட் ஒத்துவருமா என்று அவரே பார்த்துச் சொல்வார். முக்காலி வண்டியிலேயேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பாவின் மகள்,
கோயம்புத்தூரிலிருந்து