மாட்டு ஊசியும் பாறு கழுகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாறு கழுகு என்றாலே பலருக்கு முகம் சுளிக்கும். பிணந்தின்னி என்றுதானே பெயரே வைத்திருக்கிறோம்! தமிழ்நாட்டில் இன்று அவை கூடு கட்டுவது பெரும்பாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில்தான்.

1990களில் இந்தியாவெங்கும் இவை கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டன. ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். பாகிஸ்தானில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2004இல் காரணத்தைச் சொன்னார்கள்: மாட்டுக்குப் போடும் வலி நிவாரணி டைக்ளோஃபெனாக். ஊசி போட்ட மாடு இறந்தால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் மாற்றாக வந்ததும் ஆய்வின் பலன்தான்.

அப்புறம் என்ன ஆனது? மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக்கைப் பெரிய குப்பியில் வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அந்தக் குப்பியின் அளவை 3 மில்லிக்குக் குறைக்க 2015 வரை ஆனது. அதேபோல் கழுகைக் கொல்லும் வலி நிவாரணிகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் தடைக்கு 2023 வரை காத்திருந்தோம். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவைக்கு இந்தத் தாமதம் கட்டுப்படியாகுமா?

சென்ற மாதம் எங்கள் பசுவுக்குக் காய்ச்சல். மருந்துக்கடையில் மெலாக்சிகாம் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று வேறொன்றை நீட்டினார்கள். காடோரக் கிராமங்களின் கடைகளிலாவது எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று தமிழில் பலகை வைக்கச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, சத்தியமங்கலம்