தறியும் சாயத்தொட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இயந்திரம் வந்தது, கைத்தொழில் அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நெசவின் வரலாற்றைப் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களை, தூக்கும் கருவியை உருவாக்கினார். அதற்கு முன், பூவேலைப் பட்டு நெய்ய வேண்டுமானால் நெசவாளருக்கு உதவியாக ஒருவர், பெரும்பாலும் சிறுவர், அந்த நூல்களைத் தூக்க நாள் முழுவதும் கயிறு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கொடிய உழைப்பு ஒழிந்ததற்கு யார் வருந்துவார்கள்? பின்னாளில் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு அதே அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். கணினிக்கும் தறிக்கும் உள்ள இந்த உறவைப் பள்ளிப் பாடங்களில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சாயத்தின் கதை வேறு. 1897இல் செயற்கை நீலச் சாயம் சந்தைக்கு வந்தபின், இயற்கை நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் சாகுபடி வேகமாகச் சுருங்கியது. சாயத்தொட்டியின் மணத்தையும் நுரையின் நிறத்தையும் கொண்டே பதம் சொன்னவர்களின் அறிவில் பெரும்பகுதி எழுத்தில் ஏறவே இல்லை. தொழில் மாறியதைவிட இந்த இழப்புதான் என்னை வருத்துகிறது.

இன்று கைப்பேசியிலேயே காணொளி எடுக்க முடிகிறது. மூத்த கைவினைஞர்களின் செய்முறைகளை, அவர்களின் ஒப்புதலோடும் பெயரோடும் உடனே பதிவு செய்ய வேண்டும். அதிலிருந்து வரும் வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு தர வேண்டும். தங்கள் நாளிதழ் வாரம் ஒரு கைவினைஞரின் செய்முறையை வெளியிட்டு இதைத் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்