துண்டுக்கு அடியில்

அம்பாசமுத்திரம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பிசான அறுப்பு நேரம். மண்டியில் மூட்டை வந்து குவிகிறது, ராத்திரி பத்து மணிக்கு முன்னால் வீடு வந்து சேர முடியவில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து தெருமுனை வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது. அம்மாவிடம் சொன்னேன், "அவனை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு" என்றாள்.

பாப்பா பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதப் படிக்கிறாள் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அவள் கேட்டனுப்பிய கேள்வி நல்ல கேள்வி: பாஸ்வேர்டைத் திரையில் காட்டாமல் வாங்குகிற கெட்பாஸ் (getpass) போட்டுத்தான் எழுதினாள், ஆனாலும் பாஸ்வேர்டு திரையில் அப்படியே தெரிகிறது, மேலே சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை வருகிறது. அவள் எழுதியதில் தப்பு இல்லை மாப்ளே. பைத்தானோடு வருகிற ஐடில் (IDLE) என்ற நிரல் எழுதும் ஜன்னலுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அது கட்டளை தட்டி ஓட்டுகிற உண்மையான டெர்மினல் இல்லை. எழுத்தை மறைக்கச் சொல்லி யாரிடம் கேட்பது என்று கெட்பாஸுக்கு அங்கே ஆள் கிடைப்பதில்லை. அதனால் "என்னால் மறைக்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டு, தெரிகிற மாதிரியே வாங்கிக்கொள்கிறது. சொல்லாமல் வாங்கியிருந்தால்தான் ஆபத்து.

அந்த ஆள் யார் என்று அவளுக்குப் புரிய வேண்டும். நாம் ஒரு எழுத்தைத் தட்டினால் அதைத் திரையில் காட்டுவது நம் புரோகிராம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். லினக்ஸில் அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருக்கிற டெர்மினல் டிரைவரின் வேலை. தட்டத் தட்ட அதுவே எழுத்தைத் திருப்பித் திரைக்கு அனுப்பும், வரியைச் சேர்த்து வைத்திருக்கும், எண்டர் அடித்த பிறகுதான் முழு வரியையும் புரோகிராமிடம் கொடுக்கும். ஆக, பாஸ்வேர்டு நம் கைக்கு வருவதற்குள் பக்கத்தில் நிற்கிறவன் கண்ணுக்குப் போய்விட்டிருக்கும். பிறகு அழித்துப் பிரயோஜனம் இல்லை. கேட்பதற்கு முன்பே டிரைவரிடம் "எக்கோ வேண்டாம்", அதாவது தட்டுவதைத் திருப்பிக் காட்ட வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். விண்டோஸில் வழி வேறு: எழுத்து எழுத்தாக, திரையில் காட்டாமல் புரோகிராமே வாங்கிக்கொள்ளும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். மண்டிக்கு எடைச் சீட்டு போட ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதில் பழைய சீட்டைத் திருத்த வேண்டுமானால் பாஸ்வேர்டு கேட்கும். தட்டுவதைத் திரையில் காட்டியபடியே வாங்குகிற சாதாரண இன்புட்டைத்தான் போட்டிருந்தேன். கணக்கு அண்ணாச்சியை உனக்குத் தெரியும், இன்னும் கோட்டை என்கிற பழைய அளவுக் கணக்கில்தான் நெல்லைப் பேசுவார். அன்றைக்கு மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், அம்பை 16 நெல் கொண்டு வந்தவர்கள். அவர் ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். மூட்டை தூக்குகிற பையன் ஒருத்தன் எட்டிப் பார்த்து, "தாத்தா, இது உங்க பேத்தி பேருல்லா!" என்றான். கள்ளமில்லாமல்தான் சொன்னான். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருக்குச் சொந்தமான ஒன்றைச் சபையில் போட்டு உடைத்தது நான்தான்.

சின்ன வயதில் உன் அப்பா நம்மை மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போனது ஞாபகம் இருக்கிறதா? தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். நாம் பக்கத்திலேயே நின்று வாயைப் பார்த்தோம், கண்ணைப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் மட்டும்தான் தெரியும். எக்கோவை நிறுத்துவது அந்தத் துண்டுதான். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் வளர்ந்த காலத்தில் டெலிடைப் என்ற இயந்திரத்தில்தான் தட்டுவார்கள், திரையே கிடையாது, எல்லாம் காகிதத்தில் அச்சாகும். துண்டு போடாவிட்டால் பாஸ்வேர்டு மையில் பதிந்து அந்தக் காகிதச் சுருளிலேயே கிடக்கும்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றினேன். கெட்பாஸை விட்டுவிட்டு நானே கைப்பட எழுதினேன், அங்கேதான் இரண்டாவது அடி. எக்கோவை நிறுத்து, பாஸ்வேர்டு வாங்கு, எக்கோவைத் திரும்பப் போடு என்று மூன்று வரி. நடுவில் யாராவது பாதியில் நிறுத்துகிற கண்ட்ரோல் சி அடித்தால் மெனுவுக்குத் திரும்புகிற மாதிரி வைத்திருந்தேன். அண்ணாச்சி தப்பாகத் தட்டிவிட்டு அதை அடித்திருக்கிறார். மெனு வந்தது, மூன்றாவது வரி ஓடவே இல்லை. அதற்குப் பிறகு எந்த எடையைத் தட்டினாலும் திரையில் ஒன்றும் இல்லை. "தம்பி, ஒண்ணும் விழ மாட்டுக்கே" என்று போன் பண்ணினார். நான் போய்ச் சேர்வதற்குள் விசைப்பலகையையே மாற்றிவிட்டிருந்தார்கள். புரோகிராமை விட்டு வெளியே வந்து, டெர்மினலைப் பழையபடி சரியாக்குகிற கட்டளையான எஸ்டிடிஒய் சேன் (stty sane) என்று கண்ணுக்குத் தெரியாமலே தட்டி எண்டர் அடித்தேன், எழுத்து திரும்பி வந்தது. விலை பேசி முடித்த தரகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வான் இல்லையா, நான் துண்டை மாட்டின் முகத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பாப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லு. முதலில் பழைய நிலையைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், திருப்பிக் கொடுக்கிற வரியை ஃபைனலி பகுதியில் வைக்க வேண்டும், நடுவில் என்ன நடந்தாலும் அது ஓடும். கெட்பாஸ் இதையெல்லாம் ஒழுங்காகவே செய்கிறது. கேட்பதற்கு முன்னால் அவசரத்தில் தட்டிக் கிடக்கிற எழுத்துகளைக்கூடக் கொட்டிவிட்டுத்தான் வாங்கும். அதனால் அவள் சொந்தமாக எழுத வேண்டாம், எப்படி ஓடுகிறது என்று திறந்து படித்தால் போதும், சின்ன நிரல்தான்.

இன்னொன்று, பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்து ஒரே வரியில் தட்டுகிற பழக்கம் அவளுக்கு வரவே கூடாது. அது கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல்லின் ஹிஸ்டரி கோப்பில் தங்கிவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போது ஓடுகிற புரோகிராம்களைப் பட்டியல் போடுகிற பிஎஸ் (ps) கட்டளையைப் போட்டால் அதே கணினியில் இருக்கிற மற்றவர்களுக்கும் தெரியலாம்.

ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் ஒரு நட்சத்திரக் குறி போடலாமே என்று நீயே கேட்பாய். பைத்தான் 3.14-இல் கெட்பாஸுக்கே அந்த வசதி வந்துவிட்டது. கண் மங்கியவர்களுக்கு அது ஆறுதல்தான், யோசித்துத்தான் பார்த்தேன். ஆனால் எத்தனை எழுத்து என்பதைச் சுற்றி நிற்கிறவர்கள் எண்ணிவிடுவார்கள். துண்டுக்கு வெளியே எத்தனை விரல் என்று காட்டுகிற மாதிரி அது. மண்டிக் கூட்டத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை. அதற்குப் பதில் கேள்வியோடு ஒரு வரி சேர்த்தேன்: "தட்டுவது திரையில் தெரியாது, தட்டி முடித்து எண்டர் அடிக்கவும்." இப்போது அண்ணாச்சி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே தட்டுகிறார். பேத்தி பேரை மாற்றிவிட்டாராம். புதுசு என்னவென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாப்பாவை ஐடிலை மூடிவிட்டு டெர்மினலைத் திறந்து அதே கோப்பை ஓட்டிப் பார்க்கச் சொல்லு. என்ன வந்தது என்று அவளே ஒரு வரி எழுதட்டும். ஆனித் தேருக்கு எல்லாரும் வாங்க, அப்பாவையும் கூட்டிக்கொண்டு.

உன் சேக்காளி