எந்தப் ‘போல’வை வெட்டுவது?

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு நண்பா,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த கவிதைகளும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் நலம். என் முட்டிவலி மட்டும் மழை பிடித்தால் கூடிவிடுகிறது. பெரியவனுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். அதனால் பேரனைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் தலையில் விழுந்துவிட்டது. தங்கச்சிக்கு இனிப்புநீர் கட்டுக்குள் இருக்கிறதா? நாங்கள் கேட்டதாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். கோலாலம்பூரில் யாரோ ஓர் இளம் கவிஞர் உன் கவிதைகளைப் பார்த்துவிட்டு, “போல என்று எழுதுவதெல்லாம் பழைய பாணி ஐயா, எல்லாவற்றையும் உருவகமாக்கிவிடுங்கள்” என்றாராம். நீயும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டாய். கொஞ்சம் பொறு.

அம்மாவைப் பற்றிய கவிதையை எடு. “முகம் நிலாப் போல”, “கண்ணீர் அருவி போல” இரண்டையும் தாராளமாக அடித்துவிடு. நிலாமுகம், கண்ணீரருவி என்று மாற்றி வைத்தாலும் தேறாது. உன் அம்மா எனக்குத் தெரியாதவரா? விடியுமுன்னே தலைவிளக்கு மாட்டி, இடுப்பில் கொசுவத்தி தொங்க ரப்பர் மர நிரைக்குப் பால் வெட்டப் போனவர். நிலாவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அதே கவிதையில் இப்படி எழுதியிருக்கிறாய்:

வெட்டி முடித்த பின்னும்
சொட்டிக்கொண்டிருக்கும் மரம் போல
படுத்த பின்னும் அசைந்தன
அவள் விரல்கள்.

ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தம்: “அவள் விரல்கள் பால்மரங்கள்”. அடப்பாவி! பாலை எடுத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு ஆள் வீட்டுக்கு வந்த பிறகும் மரம் சும்மா இருக்காது. வெட்டுக்கோட்டில் துளித்துளியாக இறங்கி, மரத்தில் கட்டியிருக்கும் மங்கில், அந்தப் பால் கோப்பையில் உறைந்து, அடுத்த வெட்டுக்குப் போகும்போது கட்டிப்பாலாகக் கிடக்கும். நாம் இருவரும் பள்ளிவிட்டு வந்து பொறுக்கிய கட்டிப்பால்தான். வேலை முடிந்துவிட்டது என்று மரத்துக்கு யாரும் சொல்வதில்லை. அந்த நான்கு வரிக்குள் இவ்வளவும் நடக்கிறது. உருவகமாக்கியதும் மரம் மட்டும் நிற்கிறது, சொட்டுவது நின்றுவிட்டது.

தொல்காப்பியர் உவமவியலைத் தொடங்கும்போதே “வினை பயன் மெய் உரு என்ற நான்கே” என்கிறார். செயல், பயன், வடிவம், நிறம். வினையை முதலில் வைத்தது சிறப்புக் கருதியா, ஓசைக்காகவா என்று பண்டிதர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது. நம்மவர் கவிதைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு மெய்யும் உருவும்தான். தாமரை முகம், மீன் விழி, மேகக் கூந்தல். எதுவும் அசைவதில்லை.

குறுந்தொகையைப் புரட்டிப் பார். சொந்தப் பெயர் தொலைந்து, எழுதிய உவமையே பெயராக நிலைத்துவிட்ட புலவர்கள் எத்தனை பேர்! 131ஆம் பாட்டுக்காரர் ஓரேருழவனார். வினை முடித்து வீடு திரும்பத் துடிக்கும் ஒருவனின் நெஞ்சைச் சொல்ல வந்தவர், ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டிய நிலத்தில் ஒற்றை ஏரோடு தவிக்கிற உழவனைக் காட்டுகிறார். 305இல் குப்பைக் கோழியார். ஏவிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இல்லாமல் குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் சண்டை போடுகின்றன. அதுவாக ஓய்ந்தால்தான் உண்டு. என் காமநோயும் அப்படித்தான் என்கிறாள் தலைவி. உவமை உயர்ந்த பொருளாக இருக்க வேண்டும் என்பது இலக்கணம். அந்தப் புலவர் கோழியைத் தேடிக் குப்பைமேட்டுக்கே போயிருக்கிறார், பாட்டு ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

அதே குறுந்தொகையில் வரும் செம்புலப் பெயல்நீரை, செம்மண்ணில் பெய்த மழைநீரை, நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைக்குப் பிறகு நடந்தால் வெள்ளைச் சப்பாத்து என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அம்மா எத்தனை தரம் தேய்த்தாலும் அந்தச் சிவப்பு போகாது, மேலே சப்பாத்து மாவு பூசி மறைக்க வேண்டியதுதான். முன்பின் தெரியாத இரண்டு நெஞ்சங்கள் அப்படிக் கலந்துவிட்டன என்று அந்தப் புலவர் சொன்னபோது, பிரிக்க முடியாமையையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

பேரனுக்கும் இப்போது உவமைத்தொடர் பாடம். “இலவு காத்த கிளி போல” என்பதைப் பொருளோடு மனப்பாடமாக ஒப்பிக்கிறான், இலவு என்றால் பழம் என்று நினைத்துக்கொண்டு. இங்கே கெக்காபு என்கிறோமே, அந்த இலவமரத்தடிக்குக் கூட்டிப்போய், கீழே விழுந்து கிடந்த காய் ஒன்றை உடைத்துக் காட்டினேன். பஞ்சு மூக்கில் ஏறித் தும்மினான். “பாவம் தாத்தா அந்தக் கிளி” என்றான்.

உருவகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. “வையம் தகளியா வார்கடலே நெய்யாக” என்று பொய்கையாழ்வார் பாடுகிறார். அங்கே ‘போல’வை நுழைத்துப் பார், உலகம் சின்ன அகலாகச் சுருங்கிவிடும். அவர் ஏற்ற நினைத்த விளக்குக்கு உலகமே அகலாகியாக வேண்டும், கதிரவனே சுடராகியாக வேண்டும். ஒப்பிட்டுக்கொண்டு நிற்க அவருக்கு நேரமில்லை. அப்படி ஒரு வேகம் வந்தால் நீயும் தாராளமாக எழுது.

தோட்டம் விற்றுப்போனதைப் பற்றிய மூன்றாவது கவிதையில்தான் எனக்கு வேறு குறை. வெட்டு நின்றுபோன மரங்களில் மங்குகள் கம்பியில் கவிழ்ந்தபடி இருக்கின்றன, அடியில் ஓர் எறும்புக் கூட்டம். அருமை. அதற்குக் கீழே “எங்கள் வாழ்க்கையும் அது போல” என்று ஏன் எழுதினாய்? குறுந்தொகையில் கபிலரின் 25ஆம் பாட்டை நினைத்துப்பார். அவன் என்னை மணந்தபோது சாட்சி யாருமில்லை, ஒரு குருகுதான் இருந்தது என்கிறாள் தலைவி. அதன் கால் தினைத்தாள் அன்னது என்று வெளிப்படையான உவமை ஒன்று வருகிறது, அது சின்னது. ஓடுகிற நீரில் ஆரல்மீன் எப்போது வரும் என்று அந்தக் குருகு பார்த்துக்கொண்டிருக்கிறது. அவனும் அப்படி வந்தவன்தானோ என்கிற பயத்தைக் கபிலர் எந்த உவமஉருபிலும் மாட்டவில்லை. உள்ளுறை என்பது அதுதான். உன் கவிழ்ந்த மங்குக்கும் அது போதும். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடு. சிவப்புப் பேனாவுக்கு அங்கேதான் வேலை.

அந்த இளம் கவிஞர்மேல் கோபப்படாதே. நிலா முகத்தைப் படித்துப் படித்து அலுத்துப்போய்ச் சொல்லியிருப்பார். அம்மா கவிதையில் நிலாவையும் அருவியையும் எடுத்துவிட்டு மறுபடி அவரிடம் காட்டு. என்ன சொல்கிறார் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

தைப்பூசத்துக்கு வருகிறாயா? தண்ணீர்மலை முருகன் கோயில் படி இனி எனக்கு ஏறாது, ஆனால் ரதம் பார்க்க ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்காரலாம். இ.டி.எஸ். ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே எடுத்துவை. பட்டர்வொர்த்தில் இறங்கிப் பெர்ரி பிடி. இந்தப் பக்கம் இறங்குமிடத்துக்குப் பெரியவன் காரோடு வந்துவிடுவான்.

அன்புடன்,
உன் பழைய லயத்து நண்பன்