பொய்க்காலுக்கும் வரவு செலவுத் திட்டத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி மாவட்டத்தில், முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றிய காணிகள் கையளிக்கப்படும்போது வரும் செய்தியில் இரண்டு விடயங்கள் தவறாமல் இருக்கும்: எத்தனை சதுர மீற்றர், எந்த நாட்டுத் தூதுவர் வந்தார். குறையாகச் சொல்லவில்லை. யப்பான், அமெரிக்கா, பிரித்தானியா, நோர்வே போன்ற நாடுகள் காசு தந்திராவிட்டால் பச்சிலைப்பள்ளியில் பல தென்னங்காணிகள் இன்றும் மண்டையோட்டுப் பலகைக்குப் பின்னால்தான் கிடந்திருக்கும். அந்த வேலை எவ்வளவு மெதுவானது என்பதும் எங்களுக்குத் தெரியும். இங்கே புதைந்திருக்கும் பி-4 வகை மிதிவெடியில் இரும்பு மிகக் குறைவு. போர் நடந்த மண்ணிலோ எங்கும் இரும்புத் துண்டுகள். கருவியை மட்டும் நம்ப முடியாது. வெயிலில் கவச உடையோடு முழந்தாளிட்டு, சிறிய வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறார்கள். அவர்களில் பலர் எங்கள் ஊர்ப் பெண்கள், அந்தச் சம்பளத்தில் வீட்டை நடத்துபவர்கள். வேலை முடிந்தபின் அவர்களுக்கு என்ன வழி என்பது இன்னொரு கடிதத்துக்குரிய விடயம்.

நான் கேட்பது சதுர மீற்றரில் அளக்க முடியாத செலவைப் பற்றி.

பக்கத்து வளவில் இருக்கும் அண்ணர் மீள்குடியேறிய புதிதில் மாடு தேடிப் போன இடத்தில் மிதிவெடியில் காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். தோட்டம் செய்கிறார். மிளகாய்க்குத் தண்ணீர் கட்டும்போது சேறு போய்ப் போய் பொய்க்காலின் ரப்பர் பாதம் வெடித்துவிடும். பொய்க்காலில் மிச்சக் காலைச் செருகும் குழியின் விளிம்பு உரசி வெட்டுண்ட இடம் புண்ணாகும். புண் ஆறும்வரை காலைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைப்பார். மனிசி தனியத் தோட்டத்துக்குப் போவா. புதுக் கால் என்றால் யாழ்ப்பாணம் போக வேண்டும். அளவெடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், நடை சரிபார்க்க இன்னொரு நாள். கால் இலவசமாகக் கிடைக்கலாம். பஸ் காசும் அன்றைய கூலியும் அப்படியல்ல. ஒரு கால் மூன்று தொடக்கம் ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்தால், 25 வயதில் காலை இழந்தவருக்கு 65 வயதுக்குள் குறைந்தது எட்டுக் கால் வேண்டும். வளரும் பிள்ளையின் கணக்கு இதைவிடக் கூட.

மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. மிதிவெடி அகற்றி முடிக்க அதில் ஒரு கடைசித் திகதி உண்டு: 2028 ஜூன் 1. பாதிக்கப்பட்டவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் வசதியுள்ள நாடுகள் உதவ வேண்டும் என்று அதே உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை சொல்கிறது. அதற்குத் திகதி இல்லை. திகதி இல்லாத வேலைக்குக் காசும் வராது போலிருக்கிறது. 2023இல் மிதிவெடி தொடர்பான பணிகளுக்கு உலகம் முழுவதும் கிடைத்த வெளிநாட்டு, உள்நாட்டு நிதி சேர்ந்து 100 கோடி டொலரைத் தாண்டியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ என்று ஒதுங்கியது நூற்றுக்குப் பத்துக்கூட இல்லை. அதே ஆண்டில் பதிவானவரை 5,757 பேர் மிதிவெடியிலும் வெடிக்காத குண்டுகளிலும் செத்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் காசை நம்பியிருப்பதன் ஆபத்தை 2025 ஜனவரியில் கண்டோம். வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. வெளிநாட்டு உதவிக்கு 90 நாள் தடை. உலகெங்கும் அமெரிக்கக் காசில் நடந்த மிதிவெடி அகற்றும் வேலையும் அதில் அகப்பட்டது. இப்போது கொடையாளிகளின் கண் உக்ரைன் மீது. அங்கே தேவை பெரிது, அதை மறுக்க மாட்டேன். ஐரோப்பாவில் போலந்து, பின்லாந்து, மூன்று பால்டிக் நாடுகள் இந்த உடன்படிக்கையை விட்டே விலகும் முடிவை எடுத்தன. இந்தக் காலத்தில், 'மிதிவெடியற்ற நாடு' என்று அறிவித்தபின் வன்னியின் பெயரைச் சொல்லிப் பத்து டொலர் வாங்குவதும் கஷ்டம்.

ஆகவே இது அரசின் சொந்தப் பொறுப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு இருக்கிறது, உண்மை. அது அரிசி பருப்புக்குப் போகிறது. கால் மாற்றுவதற்கும், போக்குவரத்துக்கும், அந்த நாட்களின் கூலிக்கும் தனித் தலைப்பில் ஆண்டுதோறும் பணம் வேண்டும்; கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் பஸ் ஏறாமல் அளவெடுக்க நடமாடும் பட்டறை ஒன்று வேண்டும். கொடையாளி நாடுகளும் கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டுப் போகாமல், அதில் ஒரு பங்கை இதற்கென்று எழுதி வைக்கலாம்.

வன்னி, யாழ்ப்பாண எம்.பி.மார் அடுத்த வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் சுகாதார அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்த ஆண்டு எத்தனை பேருக்குக் கால் மாற்ற வேண்டும், அதற்கு எத்தனை ரூபாய் வைத்திருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பளை.