புதிய அணிக்கு ஊர் தேடுவோருக்கு, ஜரி பார்க் பக்கமிருந்து ஒரு மடல்

வட அமெரிக்காவின் உச்ச பேஸ்போல் அமைப்பான மேஜர் லீக் பேஸ்போலின் ஆணையாளர் ரொப் மன்ஃபிரெட் அவர்களுக்கும் 30 அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். 2029 ஜனவரியில் பதவியிலிருந்து இறங்குவதற்கு முன் இரண்டு புதிய அணிகளுக்கு ஊர் தெரிவு செய்துவிட வேண்டும் என்று ஆணையாளர் சொல்லியிருக்கிறார். அந்தத் தெரிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் மொன்றியலில், பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருக்கிறேன். எங்கள் தமிழ்ச் சனம் நிறையப் பேர் வந்து இறங்கிய இடம் இது. வீட்டிலிருந்து நடந்து போனால் ஜரி பார்க். 1969 இல் மொன்றியலின் பேஸ்போல் அணியான எக்ஸ்போஸ் தன் முதல் பருவத்தை ஆடிய இடம்.

அந்த முதல் பருவத்தை நான் பார்க்கவில்லை. மேல்வீட்டில் இருக்கும் கிரேக்கப் பெரியவர் பார்த்தார். ஏப்ரல் 14, சென். லூயிஸ் கார்டினல்ஸோடு சொந்த ஊரில் முதல் ஆட்டம். பனி உருகி நிலம் இன்னும் இறுகவில்லையாம், ஓடியவர்களின் சப்பாத்து புதைந்ததாம். இருக்கைகள் போட்டு முடியாததால் மடக்குக் கதிரைகளை அடுக்கியிருந்தார்கள். அவருக்குக் கிடைத்த கதிரையின் ஒரு கால் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனதாம். ஒன்பது இன்னிங்ஸும் சரிந்தபடியே இருந்து பார்த்தேன் என்று கையைச் சாய்த்துக் காட்டுவார். 8-7 என்று வென்றார்கள். அன்று வந்தவர்கள் 29,184 பேர்.

அந்த மைதானம் எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் நீங்கள் முக்கியமாக நினைத்துப் பார்க்க வேண்டும். 1968 மே மாதம் மொன்றியலுக்கு அணி என்று முடிவாகிவிட்டது. ஆனால் ஆடுவதற்கு இடம் இல்லை. முதலில் நினைத்த ஸ்டேடியம் சரிவரவில்லை, முதலீட்டாளர் சிலரும் விலகினார்கள். சார்ள்ஸ் பிரொன்ஃப்மன் பணத்தோடு நின்றார். மேயர் ஜோன் டிராப்போ, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நஷனல் லீக்கின் தலைவர் வாரன் கைல்ஸை ஓகஸ்ரில் ஜரி பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய 3,000 பேர் இருக்கக்கூடிய சின்ன மைதானம் அது. கைல்ஸ் அதைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அடுத்த வசந்தத்துக்குள் அது 28,000 பேருக்கு மேல் கொள்ளும் இடமாகிவிட்டது.

இன்றைக்கு அந்த மாதிரி ஒரு மைதானத்தைக் காட்டி உங்களிடம் ஒருவர் அணி கேட்டால் வாசலைத் தாண்ட விடுவீர்களா? கூரை கிடையாது. வலப்பக்க வேலிக்கு அப்பால் ஊர்ப் பிள்ளைகள் குளிக்கும் நீச்சல் குளம், பிற்ஸ்பேர்க்கின் வில்லி ஸ்ராஜல் அடித்த பந்து அதற்குள் போய் விழுந்தது. மாலையில் சூரியன் முதல் பேஸில் நிற்பவரின் கண்ணுக்கு நேரே இறங்கும், சில நாட்களில் அது மறையும் வரை ஆட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

அணியும் மிச்சம் மீதியால் கட்டிய அணி. லீக்கின் பழைய அணிகள் ஒவ்வொன்றும் முதலில் 15 பேரைத் தமக்கென்று வைத்துக்கொண்டன. மற்றவர்களில் 30 பேரை, ஆளுக்கு இரண்டு லட்சம் டொலர் கொடுத்து எடுத்தார்கள். அப்படியிருந்தும் முதல் ஆட்டத்தில், நியூயோர்க்கிலேயே போய் மெற்ஸை 11-10 என்று வென்றார்கள். அந்த மெற்ஸ்தான் அந்த வருடம் 'வேர்ல்ட் சீரிஸ்' என்ற இறுதிக் கிண்ணத்தையே தூக்கியது. அணி பிறந்து ஒன்பதாவது ஆட்டத்தில், பிலடெல்பியாவில் பந்து வீசிய பில் ஸ்ரோன்மன், அடித்துவிட்டு பேஸுக்குப் போய்ச் சேரும் 'ஹிற்' ஒன்றைக்கூட எதிரணிக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் மேயில் தொடங்கித் தொடர்ந்து 20 தோல்வி. பருவம் முடியும்போது 52 வெற்றி, 110 தோல்வி.

ஆனால் சனம் வந்தது. பருவம் முழுக்க 12 லட்சத்துக்கும் மேல். செந்நிறத் தலைமுடிக்காரர் ரஸ்ரி ஸ்ரோப் ஹூஸ்ரனிலிருந்து வந்து 29 ஹோம் ரன் அடித்தார். அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்தார்: இங்குள்ள பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று பிரெஞ்சு படித்தார். 'லு கிரான் ஒரான்ஜ்', பெரிய செம்மஞ்சள்காரர், என்று ஊரே அவரைச் சொந்தம் கொண்டாடியது. வேறு மொழிக்குள் வந்து வாழத் தொடங்கிய எனக்கு அந்தக் கதை கேட்கும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும்.

சின்ன மைதானம் இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே 1969 இல் சியாற்றிலும் பழைய மைதானம் ஒன்றில்தான் தொடங்கியது. முதலாளிகளிடம் பணம் இல்லை. ஒரே பருவத்தில் அணி மில்வோக்கிக்குப் போய்விட்டது. எங்களுடையது 2004 வரை தாக்குப் பிடித்து, கடைசியில் வாஷிங்ரனுக்குப் போனது. 1994 இல் வீரர்களின் வேலைநிறுத்தம் ஆட்டத்தை நிறுத்தியபோது 74 வெற்றி, 40 தோல்வி என்று லீக்கிலேயே முன்னணியில் நின்ற அணி அது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஊர்களின் விண்ணப்பங்களை விரித்து வைக்கும்போது, எத்தனை பில்லியனுக்கு ஸ்டேடியம் கட்டுவாய் என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். 110 ஆட்டம் தோற்கப்போகும் அணியைப் பார்க்க ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஒரு குடும்பம் நடந்தோ பஸ்ஸிலோ வந்து சேர முடியுமா, வந்தால் ரிக்கற் வாங்கக் கட்டுமா என்று கேளுங்கள். முதல் சில வருடங்களுக்கு இருபதாயிரம் பேர் கொள்ளும் மைதானம் போதும் என்று விதியில் எழுதுங்கள். உரிமையாளர் அணியை இடம் மாற்றாதபடி நீண்ட கால ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். மொன்றியலையும் அந்தப் பட்டியலில் வையுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை இங்கே வாருங்கள். கரி கார்ட்டர் வீதியால் நடந்து வந்தால் இப்போது ரெனிஸ் ஆடும் ஸ்டேடியம் தெரியும். அந்தப் பழைய பார்வையாளர் மேடையின் ஒரு பகுதி இன்னும் அதற்குள் இருக்கிறது. மேல்வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவருடைய கதிரை எந்த இடத்தில் புதைந்தது என்று அவரே காட்டுவார்.

அன்புடன்,
பார்க் எக்ஸ்ரென்ஷனிலிருந்து ஒரு ரசிகர்