தினம் ஐந்து பக்கம் வேண்டாம்

பள்ளத்தூர்
மாசி 3

அன்புள்ள உமையாள்,

இங்கே எல்லோரும் நலம். சாலாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆனாலும் மச்சுப்படி ஏறும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டுகிறாள், காரணம் உனக்கே தெரியும். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததை யாரும் மன்னிக்கிற மாதிரி இல்லை. சீர்முறைகளைக் குறித்து வைக்கிற முறைச்சிட்டை எழுத ஆள் இல்லாமல் கடைசியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். உனக்கென்று ஒரு டப்பா சீப்புச்சீடை எடுத்து வைத்திருக்கிறேன், கோயம்புத்தூர் போகிற ஆள் கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன். சரி, ஊர்ச்செய்தி போதும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேரனை உட்கார வைத்துத் தினம் ஐந்து பக்கம் எழுத வைக்கிறோம், எழுதி முடித்தால்தான் சாப்பாடு, அப்படியும் கோழி கிளறினது மாதிரிதான் எழுதுகிறான் என்றாய். பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் காதுபட எதையும் சொல்ல மனசு வராமல் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் அந்த ஐந்து பக்கத்தை இன்றோடு நிறுத்தச் சொல். உன் மருமகளிடம் நான் சொன்னதாகவே சொல், என் மேல் கோபம் வந்தால் வரட்டும்.

போன வருஷம் என் பேத்தி கையை முறித்துக்கொண்டபோது காரைக்குடியில் எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் பாதி வெற்றிடம்! நான் பதறிப்போனேன். அவர் சிரித்தார். மணிக்கட்டில் மொத்தம் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது எல்லாமே வெறும் குருத்து. ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கெட்டிப்பட்டு வரும். குருத்தாக இருக்கிற வரைக்கும் எக்ஸ்ரேயில் தெரியாது. கடைசி எலும்பு கெட்டிப்பட 9, 10 வயசு ஆகும், சில பிள்ளைகளுக்கு 12கூட ஆகும். இதைக் கேட்ட நாளிலிருந்து எந்தப் பிள்ளை கையையும் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன். உன் பேரனுக்கு 7 வயசு. அந்தக் கையால் ஐந்து பக்கம்! முதல் பக்கத்தில் ஒழுங்காக வருகிற எழுத்து மூன்றாம் பக்கத்தில் கோணிப்போகும். ஐந்தாம் பக்கத்தில் அவன் பழகுவது கோணல் எழுத்தைத்தான். வலியோடு எழுதினதை அந்தக் கை மறக்காது, நோட்டைக் கண்டாலே சுருங்கும்.

எங்கள் முகப்பில் பிள்ளைகள் வந்து உட்காருவது உனக்குத் தெரியும். 2021 கடைசியில் சாயங்கால வகுப்புக்கான அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கினபோது அடுத்த தெருப் பெண் தன்னார்வலராகச் சேர்ந்து இங்கேதான் வகுப்பு வைத்தாள். கொரோனாவில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள். வாய் ஓயாமல் பேசுவார்கள், கதை சொல்வார்கள். பென்சிலைக் கொடுத்தால் உலக்கையைப் பிடிப்பதுபோல முழு உள்ளங்கையால் பிடிப்பார்கள். கையெழுத்துக்குத் தடுமாறுகிற பிள்ளைகளை அவள் என்னிடம் தள்ளிவிட்டாள், அப்படி ஆரம்பித்தது இன்னும் நடக்கிறது. இத்தனை பிள்ளைகளைப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: எழுத்து கோணினால் எழுத்தைத் திருத்துவதற்கு முன்னால் உட்காருகிற விதத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அவன் எங்கே உட்கார்ந்து எழுதுகிறான்? சாப்பாட்டு மேசையில்தானே? கால் தரையில் பாவாது, மேசை நெஞ்சு வரைக்கும் வரும், தோளைத் தூக்கிக்கொண்டு எழுதுவான். காலுக்கடியில் ஒரு மணையைப் போடு. மேசை முழங்கை உயரத்துக்கு வருகிற மாதிரி நாற்காலியில் தலையணை வை. நான் இங்கே ஐயாவின் கணக்கு மேசையைத்தான் போட்டிருக்கிறேன். மேல்பலகை சாய்ந்திருக்கும், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பிள்ளை உயரத்துக்குக் கச்சிதம். பலகை சாய்ந்திருப்பதால் குனிய வேண்டியதில்லை, மணிக்கட்டும் தானாகவே சரியான நிலைக்கு வந்துவிடுகிறது.

ஐயாவைச் சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வட்டிக்கடையில் தொழில் பழகுகிற பெட்டியடிப் பையனாக பர்மாவுக்குப் போனவர், உனக்குத் தெரியும். ரங்கூனில் உட்கார்ந்து ஒருவர் எழுதுகிற கணக்கை இங்கே முகப்பில் உட்கார்ந்து இன்னொருவர் படித்தாக வேண்டும். சந்தேகம் கேட்கக் கப்பல் போய் வர வேண்டும். தமிழ் இலக்கத்தில் ஒன்று 'க' மாதிரி, நான்கு 'ச' மாதிரி. இழுப்பில் கொஞ்சம் அசந்தால் ஒன்று நான்காகிவிடும். அந்தப் பேரேடுகளை எடுத்துப் பார், ஓர் எழுத்தில்கூட அலங்காரம் இருக்காது. ஆனால் இன்றைக்கும் தடங்கல் இல்லாமல் படிக்கலாம். பிள்ளைகளிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். முத்து முத்தாக எழுத வேண்டாம். எதிரே இருக்கிறவர் ஒரு தடவையில் படிக்கிற மாதிரி எழுதினால் போதும். 'உன் எழுத்து அசிங்கம்' என்று ஒரு பிள்ளையிடம் ஒருநாளும் சொன்னதில்லை. 'இது ணவா னவா, எனக்குத் தெரியவில்லையே' என்று கேட்பேன். மூணு சுழியா ரெண்டு சுழியா என்று அதுவே எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன், உமையாள்.

பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது வளவில் பிள்ளைகள் பந்து விளையாடினார்களே, உன் பேரன் இடது கையால்தான் எறிந்தான். தட்டில் வைத்த மாவுருண்டையையும் அந்தக் கையால்தான் எடுத்தான். உன் மருமகள் பேச்சை நிறுத்தாமலே அதை வாங்கி வலது கைக்கு மாற்றினாள். அவனும் பழகினவன் மாதிரி மாற்றிக்கொண்டான். அன்றைக்கு நான் ஒன்றும் நினைக்கவில்லை. நீ போனில் சொன்ன பிறகு அதுதான் கண்முன்னால் நிற்கிறது. எந்தக் கையால் எழுத வைக்கிறீர்கள்? அவனாக எடுத்த கையா, நீங்கள் கொடுத்த கையா?

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்பாய். இங்கே ஒரு பையன் வருகிறான், கதிர் என்று வைத்துக்கொள். முதல் நாள் வந்தபோது இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான். ஏன்டா என்றால் பதில் இல்லை. அப்புறம் அவன் ஆத்தா சொல்லித்தான் தெரிந்தது, முன்னால் படித்த இடத்தில் அந்தக் கையைக் கைக்குட்டையால் கட்டிப் போடுவார்களாம். 6 வயசுப் பிள்ளையை! எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. நம் வகுப்பில் சிவகாமியை என்ன பாடு படுத்தினார்கள், மறந்துவிட்டாயா? அவள் அப்புறம் திக்கித் திக்கிப் பேசினாளே.

சாப்பிடுவதற்கும் திருநீறு வாங்குவதற்கும் வலது கை என்பது நம் வழக்கம், அதை நான் மாற்றச் சொல்லவில்லை. பென்சிலுக்கு அந்த வழக்கம் தேவையே இல்லை. எந்தக் கை என்பதைப் பிள்ளை பிடிவாதத்தால் முடிவு செய்வதில்லை, பிறவியோடு வருகிறது. காந்தியே 1909இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது 'இந்திய சுயராஜ்யம்' புத்தகத்தை எழுதினார் இல்லையா, வலது கை ஓய்ந்தபோது இடது கையால் தொடர்ந்து எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றைக்கும் இருக்கிறது. கதிரின் அப்பச்சி வந்து, 'ஆச்சி, நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று நின்றபோது இதைத்தான் சொன்னேன். முழுசாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் கையைத் தட்டிவிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இடது கைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் சிரமம் ஒன்றுமில்லை, நாம் பழக்கப்பட்டதைத் திருப்பி யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். நம் எழுத்து இடமிருந்து வலம் போகிறது. அவன் கை எழுதினதையே மறைத்துக்கொண்டு போகும், ஈரம் பட்டு அழியும். எழுதினதைப் பார்க்கத்தான் மணிக்கட்டைக் கொக்கிபோல வளைக்கிறான். நோட்டை உடம்புக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கமாகத் தள்ளி வை. அதன் இடது மேல்முனை உயர்ந்து வலது மேல்முனை தாழ்கிற மாதிரி சாய்த்து வை. கை வரிக்குக் கீழே இருக்கட்டும். பென்சிலைக் கூரிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேலே பிடித்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியும். விளக்கு வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வர வேண்டும். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கும்படி பள்ளியில் கேள், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்கும். கதிருக்கு இவ்வளவுதான் செய்தேன். தொடைக்கு அடியில் இருந்த கை தானாக மேலே வந்துவிட்டது.

எந்தக் கையாக இருந்தாலும் மற்றதெல்லாம் ஒன்றுதான். புதுப் பென்சில் வேண்டாம், விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில் கொடு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் தாங்க வேண்டும். சிலேட்டும் குச்சியும் கிடைத்தால் இன்னும் நல்லது, கரகரவென்று உராய்வதால் கைக்குக் கட்டுப்பாடு வரும். மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கி உள்ளே ஒரு புளியங்கொட்டையை வைத்துக்கொள்ளச் சொல், மற்ற மூன்று விரலும் தானாகச் சரியாகிவிடும். சொட்டாங்கல்லும் பல்லாங்குழியும் விளையாடட்டும், சீடை உருட்டட்டும். ஐந்து பக்கம் தராத பலத்தை அது விரலுக்குத் தரும். எங்களிடம் வருகிற பிள்ளைகள் முதலில் மாவுத் தட்டில் விரலால் கோலம் இழுப்பார்கள். நடுவீட்டுக் கோலத்தில் வருகிற வளைவெல்லாம் எழுத்திலும் வருகிறது. எழுத்துக்கு முன்னால் ஓவியம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று காந்தி சொன்னது எவ்வளவு சரி என்று இதைப் பார்த்தால் தெரியும்.

தமிழை அ, ஆவிலிருந்து எழுத வைக்காதே. அது ஓதுகிற வரிசை. 'அ' எழுதுவது சின்னக் கைக்கு எத்தனை கஷ்டம் என்று நீயே ஒருமுறை இடது கையால் எழுதிப் பார். ட, ப, ம, ய என்று நேர்க்கோட்டு எழுத்தில் தொடங்கு. அப்புறம் வ, க, ச, த. சுழி எழுத்தெல்லாம் கடைசியில். ரெண்டு கோடு நோட்டு வாங்கு, உடம்பு கோட்டுக்குள்ளே, 'ழ'வின் கால் கோட்டுக்குக் கீழே என்று கண்ணால் பார்த்துக்கொள்வான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் இடம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும், மூன்று வரி. எழுதினதில் எது நன்றாக வந்திருக்கிறது என்று அவனே வட்டம் போடட்டும். கர்சிவ் நோட்டைக் கட்டி மேலே போடு, இங்கிலீஷ் அச்செழுத்தே இன்னும் உட்காரவில்லை. அப்புறம் ஒன்று, உன் 'லை' இன்னும் பழைய கொம்பு வைத்த லைதானே? 1978இல் மாறினதை நீ இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிடாதே, டீச்சர் தப்பு போடுவார்!

கண்ணைக் காட்டினீர்களா? கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வருகிறதா, வீட்டிலும் வருகிறதா என்று பார். இதெல்லாம் செய்து சில மாதம் ஆகியும் கை வலிக்கிறது, எழுத்தை விட்டுவிடுகிறான், வாயால் அழகாகச் சொல்கிறவன் எழுத உட்கார்ந்தால் தவிக்கிறான் என்றால் குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போ. கை வேலைக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்டுகள் உங்கள் ஊரில் இருப்பார்கள். எழுதுவதில் மட்டும் வருகிற கஷ்டத்துக்கு டிஸ்கிராஃபியா என்று பெயர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. அப்படியிருந்தால் அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. அதை அடித்தோ பட்டினி போட்டோ சரிசெய்ய முடியாது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் எந்தக் கை என்று தெரிய வேண்டும்.

அதனால் இந்த வாரமே ஒரு வேலை செய். அவன் விளையாட்டாக இருக்கிற நேரம் பார்த்து, பக்கத்தில் வேறு யாரும் இல்லாமல், ஒரு தாளைக் கொடுத்து அவன் பெயரையும் உன் பெயரையும் எழுதச் சொல். முதலில் வலது கையால், அப்புறம் அதே தாளில் இடது கையால். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒன்றும் சொல்லாதே. அந்தத் தாளைக் கவரில் போட்டு எனக்கு அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பாதே, அழுத்தம் எங்கே விழுந்திருக்கிறது என்று தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். முழுப்பரீட்சை லீவுக்கு அவனை இங்கே விட்டுவிட்டுப் போ. கதிருக்கும் அவன் வயசுதான் ஆகப்போகிறது.

சாலா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். திட்டினதையும் சேர்த்து.

அன்புடன்,
தெய்வானை